மராமத்துக் கணக்கு: தஞ்சை மண்ணில் அளந்தவர்களின் வரலாறு

ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கு முன்பக்கங்களை எடுத்துக்கொள்வதும், வரலாற்றுக் கட்டுரை பின்பக்கங்களில் ஒதுங்கிக்கொள்வதும் வழக்கம். இம்முறை கணக்கின் வரலாற்றையே எழுத முற்பட்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு.

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் சபராளிகளிடம் கட்டுமானக் கம்பெனிகளைப் பற்றிப் பேசினால், 'கியூ.எஸ்.' என்றொரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது. அவர் அளந்து எழுதிக் கையெழுத்திட்ட பின்னரே அந்த மாதப் பணம் வரும் என்கிறார்கள். குவான்டிட்டி சர்வேயர் என்பதன் சுருக்கமே அது. தமிழில் கட்டுமான அளவுக் கணக்கர் எனலாம். ஆனால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆலோசனை கேட்க வரும் பெற்றோரிடம் இப்படிப்பைச் சொன்னால், 'அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா?' என்றே கேட்கின்றனர். சிவில் இன்ஜினியரிங் தெரியும், ஆர்க்கிடெக்ட் தெரியும், இதனைத் தெரியாது. வேலியும் மாவும் குழியுமாக ஆயிரம் ஆண்டுகள் அளந்து வாழ்ந்த மாவட்டத்தில் இத்தொழிலின் பெயர் மட்டும் எப்படி விடுபட்டுப் போனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அவர் செய்யும் பணி யாதெனச் சொல்லிவிடுவோம். கட்டடம் எழும்பும் முன்னரே வரைபடத்தை வைத்துக்கொண்டு, மண்வெட்டு எத்தனை கன மீட்டர், கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை டன், பூச்சு எத்தனை சதுர மீட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து எழுதுவார். அப்பட்டியலுக்கு விலை போட்டால் மதிப்பீடு. அதே பட்டியலைப் பல ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்து விலை கேட்டால் டெண்டர். வேலை நடக்கும்போது மாதந்தோறும் முடிந்த அளவை எடுத்துப் பட்டுவாடாவுக்குச் சான்று அளிப்பார். நடுவில் உரிமையாளர் ஓர் அறையைக் கூட்டினாலோ சுவரை மாற்றினாலோ அதற்குரிய ஏற்றக் குறைவைக் கணக்கிடுவதும், இறுதியில் கடைசிக் கணக்கை முடித்துவைப்பதும் அவர் கடமையே. கட்டடம் உறுதியாக நிற்குமா என்பது பொறியாளரின் பொறுப்பு. கட்டியவருக்கும் கட்டுவித்தவருக்கும் இடையில் நியாயமான தொகை எது என்பது இவருடைய பொறுப்பு.

வேலி, மா, குழி

12 அடிக் கோலால் நாற்புறமும் அளந்தால் 1 குழி. 100 குழி 1 மா. 20 மா 1 வேலி. ஏக்கரும் ஹெக்டேரும் பத்திரங்களில் ஏறிவிட்ட பிறகும், நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 'மூணு மா' என்று சொன்னால்தான் நிலத்தின் அளவு கண்ணுக்குத் தெரிகிறது. நெற்களத்தில் மரக்காலால் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணித் தொடங்குவதைப் பழைய தலைமுறையினர் கேட்டிருப்பர். 12 மரக்கால் ஒரு கலம். அளந்து போடுபவரைச் சுற்றிலும் நிலக்காரரும் குத்தகைக்காரரும் கூலியாட்களும் நின்று, ஒவ்வொருவரும் தம் மனத்துள் எண்ணிக்கொண்டே இருப்பர். அத்தனை பேர் முன்னிலையில் அளந்ததனாலேயே அந்த அளவு செல்லுபடியாயிற்று.

இந்த மண்ணில் அளவை எவ்வளவு நுண்மையாக இருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சான்று. முதலாம் இராஜராஜன் தன் 16-ஆம் ஆட்சியாண்டளவில், அதாவது கி.பி. 1001-ஐ ஒட்டி, நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கைப் பொறிக்கும்போது, ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கர்கள் பிரித்து எழுதியுள்ளனர். இன்றைய வேலிக் கணக்கில் அது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதி. அவ்வளவு சிறு துண்டு நிலத்தை எந்தக் கோலாலும் அளக்க இயலாது. அது வகுத்தும் பெருக்கியும் வந்த காகிதக் கணக்கு, அன்றைய நிலையில் ஓலைக் கணக்கு. ஆயினும் மீதியைத் தள்ளிவிடாமல் கடைசித் துகள்வரை எழுதிவைத்த மனப்பான்மை வியப்புக்குரியது.

கி.பி. 1010-இல் முடிவுற்ற அந்தக் கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம் கொண்டது. அதனை எழுப்பிய தலைமைச் சிற்பியான குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்பாரின் பெயர் கல்வெட்டில் உள்ளது. தானமாக வந்த பொன்னை நிறுக்க ஒரு படிக்கல், மணிகளை நிறுக்க வேறொரு படிக்கல், நெல்லை அளக்கத் தனி மரக்கால் என்று, எந்த அளவையால் அளந்தது என்பதையும் சேர்த்தே கல்லில் எழுதினர். அளவு எவ்வளவு என்று சொல்வதோடு, எதனால் அளந்தது என்றும் சொல்ல வேண்டும் என்பது இன்றைய ஒப்பந்தப் பத்திரங்களிலும் முதல் விதியாகும். மேலும், தமிழ்நாட்டில் பல கோயில்களின் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளம் கல்லில் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஐயம் கொண்டவர் தம் கோலை அதன்மேல் வைத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளவுகோல் அதிகாரியின் வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கவில்லை.

பக்தாதின் செங்கற்கள்

தஞ்சையில் விமானம் எழுவதற்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன், மற்றொரு நதிக்கரையில் ஒரு நகரமே புதிதாகக் கட்டப்பட்டது. கலீஃபா அல்மன்சூர் ஹிஜ்ரி 145-இல், அதாவது கி.பி. 762-இல், தஜ்லா நதிக்கரையில் வட்டவடிவ பக்தாது நகருக்கு அடித்தளமிட்டார். ஹிஜ்ரி 149-இல் மதில் வேலைகள் நிறைவுற்றன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் காழி பதவியை ஏற்க மறுத்த வரலாறு நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்தது. அதன் தொடர்ச்சியாக, நகரக் கட்டுமானத்தில் செங்கல் அறுப்பதையும் எண்ணுவதையும் மேற்பார்க்கும் பணி இமாமவர்களிடம் விடப்பட்டது என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். அங்கே அவர்கள் செங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணவில்லை. ஒரு நாணற்கோலைத் தருவித்து, அடுக்கை அக்கோலால் அளந்து எண்ணிக்கையைக் கண்டார்கள். செங்கல்லைக் கோலால் கணக்கிட்டவர்களில் அவர்களே முதல்வர் என்றும் தபரீயின் குறிப்பு சொல்கிறது.

இதன் அருமை கட்டுமானம் அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். செங்கற்கள் ஒரே அளவினவாக இருந்து, சீராக அடுக்கப்பட்டிருந்தால், நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று பார்த்துப் பெருக்கினால் போதும். நாள்முழுதும் எண்ணுவோரின் தவறும் இல்லை, எண்ணுவோரைச் சரிக்கட்டும் வாய்ப்பும் குறைவு. இன்று நம் நாட்டுத் தர அளவுச் செங்கல் 19×9×9 சென்டிமீட்டர். சாந்துக் கனத்தையும் சேர்த்தால் 20×10×10. ஆகவே ஒரு கன மீட்டர் கட்டுவேலைக்கு 500 கல். சுவரை அளந்தால் கல் தெரிந்துவிடும். டிப்ளமோ மாணவன் முதல் வாரத்தில் கற்கும் இக்கணக்கும் அந்த நாணற்கோலின் கணக்கும் ஒன்றே.

பக்தாதுக் கணக்கில் வேறு சில செய்திகளும் உண்டு. தலைக் கொத்தனாருக்கு நாளொன்றுக்கு ஒரு கீராத் வெள்ளி, கூலியாளுக்கு இரண்டு முதல் மூன்று ஹப்பா என்று கூலி விகிதம் பதிவாகியுள்ளது. கட்டுமானத்தின் ஒரு பகுதிக்குப் பொறுப்பாயிருந்த தளபதி ஒருவர் கணக்கு முடிக்கும்போது 15 திர்ஹம் பாக்கி வைத்ததற்காக, அதைச் செலுத்தும்வரை கலீஃபா அவரைச் சிறையில் வைத்தார் என்பதும் ஒரு செய்தி. பிற்காலத்தில் மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது, 117 ராத்தல் என்று சிவப்பு மையால் எடை எழுதப்பட்ட ஒரு செங்கல் அகப்பட்டதாம். நிறுத்துப் பார்த்தால் எழுதியபடியே இருந்ததாம். பேரரசரின் கடுமையை நாம் இங்கே புகழ வரவில்லை. நகரம் அழிந்து மதிலும் மறைந்த பின்னர், கணக்கு மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது என்பதையே சுட்டுகிறோம்.

மராமத்து இலாகா

பொதுப்பணித்துறையை நம் பாட்டனார்கள் 'மராமத்து இலாகா' என்றே அழைத்தனர். மராமத்து என்பது பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபிச் சொல். பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. இலாகா, பாக்கி, வசூல், அசல் ஆகியனவும் அவ்வழியே வந்தவை. ஜமாபந்தியின் முற்பகுதியும் ஜமாஅத் என்னும் சொல்லும் கூட்டுதல், சேர்த்தல் என்னும் பொருளுடைய ஒரே அரபி வேரில் கிளைத்தவை. கட்டட வேலையில் 'மேஸ்திரி' மட்டும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்து சேர்ந்தார்.

1799-இல் தஞ்சை ஆட்சி ஆங்கிலேயர் கைக்குச் சென்றபோது, காவிரி பெரும் சிக்கலில் இருந்தது. முக்கொம்பில் நதி இரண்டாகப் பிரியும் இடத்தில், பள்ளமான கொள்ளிடம் ஆண்டுக்கு ஆண்டு அதிக நீரை இழுத்துக்கொள்ள, காவிரியின் தலைப்பு மணலால் மேடிட்டது. வயல்கள் காய்ந்தால் வரியும் காயும் என்பது கம்பெனிக்குத் தெரியும். இளம் பொறியாளரான ஆர்தர் காட்டன் ஆற்றின் மட்டங்களை அளந்து, இடைமட்ட வேறுபாடுகளைக் கணக்கிட்டு, முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டும் திட்டத்தை அளித்தார். 1836-இல் இரண்டும் எழுந்தன. அதன் பிறகு காவிரிக்குள் அளவுக்கு மிஞ்சி நீர் புகுந்து தரையை அரிக்கத் தொடங்கவே, 1840-களில் காவிரித் தலைப்பில் தரைமட்ட அணை ஒன்றும் தேவைப்பட்டது. எவ்வளவு தேர்ந்தவர் போட்ட மதிப்பீட்டிலும் நதி தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்துவிடும் போலும். அந்த மேலணையின் மதகுகளில் 9, 182 ஆண்டுகள் கழித்து 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது நம் நினைவில் உள்ளதே.

இப்பணிகளுக்கு அளக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தனர். சென்னையில் 1794-இலேயே மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் ஒரு சர்வே பள்ளி 8 மாணவர்களுடன் தொடங்கியிருந்தது. இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரி என நாம் அறிவது அதன் வளர்ச்சியே. பிறகு டல்ஹவுசியின் காலத்தில், 1854-55-இல், இந்தியா முழுமைக்குமான பொதுப்பணித்துறை உருவாயிற்று. சென்னை மாகாணத் துறை 1858-இல் அமைந்தது. இத்துறையே நம் கேள்விக்கான விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

துறையின் கணக்கு முறையில் உயிர்நாடியாக விளங்குவது அளவுப் புத்தகம். அலுவலகங்களில் அதனை 'எம்-புக்' என்பார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அச்சிட்ட எண் உண்டு; பக்கத்தைக் கிழிக்கலாகாது. எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம் என்று கட்டங்கள். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. கோடிட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். கீழ்நிலை அலுவலர் எடுத்த அளவில் ஒரு பகுதியை மேலதிகாரி நேரில் வந்து மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அளவை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அந்தப் புத்தகம் வழக்குமன்றத்தில் சான்றாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டியதை இவர்கள் காகிதத்தில் வெட்டினார்கள் என்று சொல்லலாம்.

1934 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மேட்டூர் அணையும், அதனுடன் வெட்டப்பட்ட சுமார் 148 கிலோமீட்டர் நீளக் கல்லணைக் கால்வாயும், அதாவது நாம் 'புது ஆறு' என்பதும், இவ்வாறு அளந்து கூலி கொடுக்கப்பட்டவையே. மண்வெட்டும் இடத்தில் பழைய தரைமட்டத்தைக் காட்டுவதற்காக நடுநடுவே சிறு மண்திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பர். வெட்டி முடிந்ததும் அத்திட்டின் உயரத்தை அளந்தால் ஆழம் தெரியும். ஆழத்தைக் கூட்டிக் காட்டத் திட்டின் தலையில் இரவோடு இரவாக மண் வைப்பதும், அதைப் புல்வேரைப் பார்த்து ஓவர்சியர் கண்டுபிடிப்பதும் மண்வேலையில் பழகிப்போன கதை. மண் எவ்வளவு தூரம் சுமக்கப்பட்டது, எவ்வளவு உயரம் தூக்கப்பட்டது என்பதற்கும் தனித்தனி விகிதம் உண்டு. கூடை சுமந்த பெண்ணின் தலைச்சுமைக்கு அந்த விகிதப் பட்டியலில்தான் மதிப்பு இருந்தது.

பெயர் விடுபட்ட விதம்

இனி நம் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் கட்டுமானம் வேறு வழியில் சென்றது. அங்கே பழங்காலத்தில் கொத்தனார், தச்சர், கண்ணாடி வேலைக்காரர் என்று ஒவ்வொரு தொழிலாரும் வேலை முடிந்த பின் தமக்கென ஓர் அளவாளரை வைத்து அளந்து காசு கேட்டனர். பின்னர் முழுக் கட்டடத்தையும் ஒரே ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே விலைபேசி எடுக்கும் முறை பரவியது. ஆளுக்கொரு கணக்குப் போட்டு விலை சொல்வதைவிட, நடுநிலையான ஒருவர் ஒரே அளவுப் பட்டியலைத் தயாரித்து எல்லோருக்கும் கொடுத்தால் நல்லது என்பதை அவர்கள் உணர்ந்தனர். 1834-இல் தீக்கிரையான நாடாளுமன்றத்துக்கு மாற்றாக எழுந்த புதிய கட்டடம், விரிவான அளவுப் பட்டியலின் பேரில் ஒப்பந்தம் விடப்பட்ட தொடக்ககாலப் பெரும் பொதுக்கட்டடங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 1868-இல் இலண்டனில் சர்வேயர்களின் சங்கம் அமைந்தது, இன்று ஆர்.ஐ.சி.எஸ். எனப்படுவது அதுவே. 1922-இல் அளவெடுப்பதற்கான பொதுவிதி நூல் வெளிவந்தது. இவ்வாறு அளவுக் கணக்கர் என்பவர், வரைந்தவருக்கும் கட்டியவருக்கும் நடுவில் நிற்கும் தனித் தொழிலரானார்.

இந்தியாவிலோ, மதிப்பீடு போட்டவரும் வேலையை மேற்பார்த்தவரும் அளந்து பட்டியல் எழுதியவரும் ஒரே பொதுப்பணித்துறைப் பொறியாளர். வேலை இருந்தது, அதற்கென்று தனி ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பெயரும் இல்லை. நம் பாலிடெக்னிக்குகளில் 'எஸ்டிமேட்டிங் அண்டு காஸ்டிங்' என்று ஒரு பாடத்தாளாக அது சுருங்கியது. பி.என். தத்தாவின் பாடநூலைப் படித்து அத்தாளில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் நம்மில் பலர் உண்டு. அது ஒரு முழுத் தொழிலின் வாசல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறு. நம் முன்னோர் கப்பலேறிச் சென்ற மலாயாவில் ஆங்கிலேய முறை அப்படியே வேர்விட்டது. மலேசியாவில் 1967-இல் இத்தொழிலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மலாய் மொழியில் இவரை 'ஜுருஉக்கூர் பாஹான்' என்பார்கள். பொருள்களை அளப்பவர் என்று நேர்ப்பொருள். நம்மைப் போன்றே நெல்லும் வாய்க்காலுமாக வாழும் இலங்கையில், மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இதனைப் பட்டப்படிப்பாகவே நடத்துகிறது. 1983-இல் அவர்களுக்கெனத் தனிக் கழகமும் அமைந்தது. வளைகுடாக் கட்டுமானங்களில் அளவுக் கணக்கு மேசையில் இலங்கையர் பெயர் பெற்றிருப்பதற்கு இதுவே காரணம். அச்சிறு தீவின் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடக் கணக்கில் வல்லவர்கள் என்பதல்ல. அவர்களுக்கு வாசல் இருக்குமிடம் முன்னரே தெரிந்திருந்தது.

சபராளிகளின் வீடு

1973-இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வளைகுடா எங்கும் கட்டுமானம் பெருகியது. அதே ஆண்டில்தான் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியில் துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனம் தொடங்கியது. தமிழகத்து இளைஞர்கள் பலர் அதன் வழியாக அமீரகம் கண்டனர். 1984-இல் வண்டலூரில் கிரசன்ட் பொறியியல் கல்லூரி தோன்றியதிலும் அப்பெரியவரின் பங்கே முதன்மையானது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வணிகத்துக்குச் சென்ற நம் வட்டாரத்தார், இத்தலைமுறையில் ஹெல்பராகவும் எலக்ட்ரீஷியனாகவும் போர்மேனாகவும் சென்றனர். அவர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லோம். இன்று நம் தெருக்களில் நிற்கும் மாடிவீடுகள் அனைத்தும் அவர்களின் வியர்வையே.

அந்த வீடுகளைப் பற்றித்தான் மனம் விட்டுப் பேச வேண்டியுள்ளது. பத்தாண்டு பாலைவனத்தில் சேர்த்த பணம் இங்கே வீடாகிறது. கணவர் அங்கே, மனைவியும் முதிய தகப்பனாரும் இங்கே. மேஸ்திரி வாரந்தோறும் சீட்டில் எழுதித் தருவதே கணக்கு. அந்தச் சீட்டில் உள்ளது சரியா தவறா என்று பார்க்கத் தெரிந்தவர் தெருவில் ஒருவரும் இல்லை. பெரும்பாலான மேஸ்திரிகள் நேர்மையானவர்களே. ஆனால் நேர்மையானவர் மீதும் சந்தேகம் விழுகிறது, கூலியில் தகராறு வருகிறது, பாதியில் வேலை நிற்கிறது, கடைசியில் பஞ்சாயத்து ஜமாஅத்துக்கு வருகிறது. நம் அலுவலகத்தில் தீர்க்க வந்த கட்டட வழக்குகளில் இரு தரப்பிலும் பொய் சொல்வோர் அரிது. இரு தரப்பிலும் அளவு இல்லாததே பொதுவான குறை.

ஒரு பூச்சு வேலையை எடுத்துக்கொள்வோம். சுவரை நீளம், உயரம் பார்த்துச் சதுரக் கணக்குப் போடுகிறார்கள். கதவு, ஜன்னல் திறப்பைக் கழிக்க வேண்டுமா? வீட்டுக்காரர் முழுவதும் கழி என்பார். கொத்தனார் எதையும் கழிக்காதே என்பார். இதற்கு 1958-இல் முதலில் வெளிவந்து, பிறகு பல பகுதிகளாக விரிந்த இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200-இல் விடை இருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிப்பதில்லை. அரை முதல் 3 சதுர மீட்டர் வரையான திறப்புக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்கலாகாது, ஏனெனில் நிலையைச் சுற்றியுள்ள உள்விளிம்புகளில் கொத்தனார் பூசும் பூச்சுக்கு அதுவே ஈடு. 3 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் இரு பக்கமும் கழித்துவிட்டு, விளிம்புப் பூச்சைத் தனியே அளந்து சேர்க்க வேண்டும். மூன்றரை அடிக்கு ஏழடிக் கதவு இரண்டே கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே ஒரு பக்கம் மட்டும் கழிவு. வீட்டுக்காரரும் ஏமாறவில்லை, கொத்தனாரின் உழைப்பும் வீணாகவில்லை. இரு தரப்பையும் நினைத்து எழுதப்பட்ட விதி இது.

கம்பிக்கும் எளிய வாய்பாடு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. கடைச் சீட்டில் உள்ள எடையை வாசலில் நின்றே சரிபார்த்துவிடலாம். மணலோ நம் வட்டாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட். ஈர மணல் உலர் மணலைவிடக் கால்பங்கு வரை உப்பிக் காட்டும் என்பதை அறியாமல் லாரியின் உயரத்தை மட்டும் பார்ப்பவர், தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார்.

இவையெல்லாம் பள்ளிக் கணிதத்துக்கு மேற்பட்டவை அல்ல. இவற்றுக்கு மேல் ஒப்பந்தச் சட்டம், விலைப் பகுப்பாய்வு, உரிமைக்கோரிக்கை ஆகியவற்றை முறையாகக் கற்பதே இப்படிப்பு. வளைகுடாவில் பெரும்பாலும் 1957-இல் முதன்முதல் வெளியான ஃபிடிக் ஒப்பந்தப் படிவங்களின் வழிவந்தவையே புழங்குகின்றன. அவற்றை ஆங்கிலத்தில் படித்துப் பொருள் கொள்ளும் திறன் இத்தொழிலுக்கு அவசியம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கைவிடக் கடினமாயிருப்பது இதுதான்.

வழி யாது? பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு சிவில் டிப்ளமோ. அதிலிருந்து இரண்டாமாண்டு பி.இ.யில் நேரடிச் சேர்க்கை. அதற்குப் பின் அளவுக் கணக்கில் மேற்படிப்பு. 1983-இல் தொடங்கப்பட்ட நிக்மார் போன்ற கட்டுமான மேலாண்மை நிலையங்களும், ஆர்.ஐ.சி.எஸ். பெயரில் 2013-இல் அமிட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியும் இந்நாட்டிலேயே உள்ளன. வசதியுள்ளோர் மலேசியாவையும் எண்ணிப் பார்க்கலாம். வேலையில் சேர்ந்த பின் அனுபவத்தின் பேரில் தேர்வெழுதி ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினராகும் வழியும் உண்டு. 2007 முதல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்குப் பிற்படுத்தப்பட்டோருக்குள் அமைந்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டை டிப்ளமோ, பொறியியல் சேர்க்கையில் பயன்படுத்தத் தவறலாகாது. பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: இப்பணியின் பெரும்பகுதி வரைபடமும் கணினியும் வைத்து மேசையில் நடப்பது.

கணினியே வரைபடத்திலிருந்து அளவைக் கொட்டித் தரும் காலத்தில் இதைப் படித்து என்ன பயன் என்று கேட்போர் உண்டு. உண்மைதான், பெருக்கல் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. ஆனால் வரைபடத்தில் இல்லாமல் தளத்தில் கட்டப்பட்ட சுவரையும், ஒப்பந்தத்தில் இல்லாமல் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மாற்றத்தையும் கணினி அறியாது. தகராறு எழுவதெல்லாம் அவ்விரண்டில்தான்.

மதரஸாவின் மேல்தள வேலை இவ்வாண்டு தொடங்க இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். அதற்கென எண்ணிட்ட பக்கங்கள் கொண்ட அளவுப் புத்தகம் ஒன்று ஜமாஅத் அலுவலகத்தில் வைக்கப்படும். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் மேஸ்திரியின் முன்னிலையில் அந்த வாரத்து வேலை அளக்கப்பட்டு, அதிலேயே எழுதி இரு தரப்பும் கையொப்பமிடும். நன்கொடையாளர்கள் எவரும் புத்தகத்தைப் பார்வையிடலாம். சிவில் டிப்ளமோ படிக்கும் நம் பிள்ளைகளும், அடுத்த ஆண்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளும் அந்நேரத்தில் வந்து, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுமாறு அழைக்கிறோம்.